8661 ராட்சிங்கர்: விண்ணில் சுழலும் ஒரு கல்லும் அதன் பெயரும்

செவ்வாய்க் கோளுக்கும் வியாழன் கோளுக்கும் இடையே உள்ள பரந்த வெளியில் இலட்சக்கணக்கான கற்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் ஒன்று, குறுக்களவில் பத்து கிலோமீட்டரைவிடச் சற்றே பெரியது. வெறும் கண்ணால் அதைப் பார்க்க இயலாது. வானியல் ஏடுகளில் அதன் எண் 8661. அதன் பெயர் ராட்சிங்கர்.

ஆம், 2022ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் இறைவனடி சேர்ந்த நம் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் அவர்களின் குடும்பப் பெயர்தான் அது. இதைக் கேட்டதும் இரண்டு எண்ணங்கள் நமக்குத் தோன்றலாம். அவர் திருத்தந்தை ஆனதால் இந்தப் பெருமை கிடைத்தது என்பது ஒன்று. வத்திக்கான் தன் வானாய்வகத்தின் வழியாக இப்பெயரைச் சூட்டியது என்பது மற்றொன்று. இரண்டுமே சரியல்ல. பெயர் சூட்டப்பட்டபோது அவர் கர்தினால் யோசேப் ராட்சிங்கராகவே இருந்தார். பெயரைத் தந்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த வானியல் அறிஞர்கள். அவர்கள் அதற்குச் சொன்ன காரணமும் நாம் எதிர்பார்க்கும் காரணம் அல்ல. அந்தக் காரணத்தை அறிந்துகொள்வது நம் விசுவாச வாழ்வுக்குப் பயன் தரும் என்பதால் இந்தக் கல்லின் கதையைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

குறுங்கோள் என்றால் என்ன?

பூமி, செவ்வாய், வியாழன் போன்ற கோள்களைப் போலவே கதிரவனைச் சுற்றி வருகின்ற, ஆனால் அளவில் மிகச் சிறிய பாறைப் பொருள்களைக் குறுங்கோள்கள் என்கிறோம். சிறுகோள்கள் என்றும் இவற்றைச் சொல்வது உண்டு. சூரிய குடும்பம் உருவான காலத்தில் ஒரு முழுக் கோளாகத் திரண்டு சேர முடியாமல் போனவையும், பிறகு ஒன்றோடொன்று மோதி உடைந்தவையும் இவற்றில் உள்ளன. வியாழன் கோளின் வலிமையான ஈர்ப்பு, இவை ஒன்றுசேர்ந்து ஒரு கோளாக ஆவதைத் தடுத்துவிட்டது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

இவற்றுள் மிகப் பெரும்பாலானவை செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே உள்ள முதன்மைப் பட்டையில் சுற்றுகின்றன. பட்டை என்றதும் கற்கள் நெருக்கியடித்துக்கொண்டு மிதப்பதாகத் திரைப்படங்களில் காட்டுவார்கள். உண்மை வேறு. அங்குள்ள எல்லாக் கற்களையும் ஒன்றாகச் சேர்த்தாலும் நம் நிலாவின் எடையில் நூறில் மூன்று பங்குதான் தேறும். இடமோ அளவிட முடியாதது. பூமியிலிருந்து அனுப்பப்பட்ட விண்கலங்கள் பல இந்தப் பட்டையை எந்தச் சேதமும் இன்றிக் கடந்து சென்றிருக்கின்றன. அங்குள்ள கற்கள் கதிரவனை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ மூன்று முதல் ஆறு ஆண்டுகள் ஆகும்.

முதல் குறுங்கோளைக் கண்ட குரு

இந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினரைக் கண்டவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம்மில் பலர் அறியாதது. தியேத்தைன் துறவற சபையைச் சேர்ந்த அருட்தந்தை ஜுசெப்பே பியாத்சி, இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலேர்மோ நகரில் வானாய்வகத்தை நடத்தி வந்தார். விண்மீன்களின் இருப்பிடங்களைத் துல்லியமாகக் குறித்து ஓர் அட்டவணை தயாரிப்பதே அவரது பணி. ஒரே விண்மீனை அடுத்தடுத்த இரவுகளில் மீண்டும் மீண்டும் அளப்பது அவரது வழக்கம். 1801ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இரவு அவர் குறித்த ஒரு சிறு ஒளிப்புள்ளி, மறுநாள் இரவு சற்று நகர்ந்திருந்தது. விண்மீன்கள் அப்படி நகர்வதில்லை. அதற்கடுத்த இரவுகளிலும் அது நகர்ந்துகொண்டே இருந்தது.

பிப்ரவரிக்குப் பின் அந்தப் புள்ளி கதிரவனின் ஒளியில் மறைந்துவிட்டது. அதை எங்கே தேடுவது என்று எவருக்கும் தெரியவில்லை. அப்போது 24 வயதே ஆகியிருந்த கணித அறிஞர் காஸ், பியாத்சி தந்த சில வார அளவீடுகளை வைத்து அதன் பாதையைக் கணித்தார். அந்தக் கணக்கின்படியே அந்த ஆண்டின் கடைசி இரவில் அது மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் சீரிஸ். அதன் குறுக்களவு ஏறத்தாழ 940 கிலோமீட்டர். 2006ஆம் ஆண்டு முதல் அதைக் குள்ளக்கோள் என்ற வகையிலும் சேர்த்துள்ளனர். பிற்காலத்தில், ஆயிரமாவது எண்ணைப் பெற்ற குறுங்கோளுக்கு இந்தக் குருவின் நினைவாகப் பியாத்சியா என்று பெயரிட்டார்கள். அதற்கடுத்த எண்ணான 1001, காஸ் அவர்களின் பெயரைப் பெற்றது.

சென்னையிலிருந்து ஒரு பங்களிப்பு

நம் மண்ணுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட குறுங்கோள், சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நார்மன் பாக்சன் என்ற வானியலார் அதைக் கண்டார். அதனாலேயே அதற்கு ஆசியா என்று பெயர் வந்தது. அதன் எண் 67. தொடர்ந்து சாஃபோ, சில்வியா, கமில்லா, வேரா ஆகிய நான்கையும் அவர் அங்கிருந்தே கண்டார். கடைசியாகக் குறிப்பிட்ட வேரா 1885ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளி. 1988ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் திருப்பத்தூர் மாவட்டம் காவலூர் வானாய்வகத்தில் நம் நாட்டு அறிஞர்கள் மீண்டும் ஒரு குறுங்கோளைக் கண்டார்கள். 4130 என்ற எண் பெற்ற அதற்குக் கணித மேதை இராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது.

டவுட்டன்பர்க் காட்டில் ஓர் அக்டோபர் இரவு

இப்போது நம் கதைக்கு வருவோம். ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், யேனா நகருக்கு அருகே, டவுட்டன்பர்க் என்ற ஊரின் காட்டுப் பகுதியில் கார்ல் சுவார்ட்சில்ட் வானாய்வகம் அமைந்துள்ளது. 1960ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அதன் பெரிய தொலைநோக்கியின் ஆடி இரண்டு மீட்டர் அகலம் உடையது. வானத்தின் பரந்த பகுதியை ஒரே படத்தில் பதிவு செய்யும் ஷ்மிட் வகைத் தொலைநோக்கிகளில் உலகிலேயே மிகப் பெரியது அது. அந்தக் காலத்தில் அப்பகுதி கம்யூனிச ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்தது.

அங்கே பணியாற்றியவர் ஃபிரைமுட் பியோர்ன்கன். ஐந்நூறுக்கும் மேற்பட்ட குறுங்கோள்களைக் கண்டுபிடித்தவர் அவர். அவரோடு இணைந்து தேடலில் ஈடுபட்டவர் லுட்ஸ் ஷ்மாடெல். இவர் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இருந்தவர். குறுங்கோள்கள் ஒவ்வொன்றுக்கும் எப்படிப் பெயர் வந்தது என்பதை விளக்கும் பெரிய அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் இவரே. இரண்டாக இருந்த ஜெர்மனி 1990ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் ஒரே நாடாக இணைந்தது. அதற்குப் பதினொரு நாள்களுக்குப் பின், அக்டோபர் 14ஆம் நாள், கிழக்கைச் சேர்ந்த ஒருவரும் மேற்கைச் சேர்ந்த ஒருவரும் சேர்ந்து கண்ட ஒளிப்புள்ளிகளில் ஒன்றுதான் இன்று ராட்சிங்கர் என்று அழைக்கப்படுகிறது.

கண்டுபிடித்த முறை, அருட்தந்தை பியாத்சியின் முறையிலிருந்து அடிப்படையில் வேறுபட்டதல்ல. வானத்தின் ஒரே பகுதியை இடைவெளி விட்டுப் படம் எடுப்பார்கள். பிறகு படங்களை ஒப்பிடுவார்கள். விண்மீன்கள் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். குறுங்கோள் மட்டும் சற்று இடம் மாறியிருக்கும். ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு நடுவே இடம் மாறிய அந்த ஒரு புள்ளியைக் கண்டறியப் பொறுமையும் கவனமும் வேண்டும்.

எண்ணும் பெயரும் கிடைப்பது எப்படி?

ஒரு புள்ளியைக் கண்டதும் உடனே பெயர் வைத்துவிட முடியாது. முதலில் அதற்கு ஒரு தற்காலிகக் குறியீடு தரப்படும். நம் கல்லுக்குக் கிடைத்த குறியீடு 1990 டிஏ13. இதில் 1990 என்பது கண்ட ஆண்டு. ஓர் ஆண்டை இருபத்து நான்கு அரை மாதங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைக் கொடுத்துள்ளனர். டி என்ற எழுத்து அக்டோபர் மாதத்தின் முதல் பாதியைக் குறிக்கும். அதற்கடுத்த எழுத்தும் எண்ணும் சேர்ந்து அந்த அரை மாதத்தில் அது எத்தனையாவது கண்டுபிடிப்பு என்று சொல்லும். இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட வரிசை பதின்மூன்று முறை முடிந்து, மீண்டும் ஏ என்ற முதல் எழுத்து வந்திருக்கிறது. கணக்குப் போட்டால் இது 326ஆவது. அந்தப் பதினைந்து நாள்களில் உலகெங்கும் பதிவான நூற்றுக்கணக்கானவற்றில் இதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அதன்பின் காத்திருப்பு தொடங்கும். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அதன் பாதை ஐயத்துக்கு இடமின்றி உறுதியான பிறகே நிலையான எண் கிடைக்கும். எண் கிடைத்த பிறகு, பெயர் ஒன்றை முன்மொழியக் கண்டுபிடித்தவருக்குப் பத்து ஆண்டுகள் உரிமை உண்டு. அவர் சுருக்கமான ஒரு விளக்கக் குறிப்பையும் எழுதித் தர வேண்டும். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டால்தான் பெயர் நிலைபெறும்.

இதற்குச் சில நெறிமுறைகள் உண்டு. பெயர் பதினாறு எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. யாரையும் புண்படுத்தக் கூடாது. வணிக நோக்கம் இருக்கக் கூடாது. அரசியல் அல்லது போர் தொடர்பாகப் புகழ் பெற்றவர் என்றால், அவர் இறந்து நூறு ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். கண்டுபிடித்தவர் தம் பெயரையே சூட்டிக்கொள்வது மரபன்று. இதுவரை எண் பெற்ற குறுங்கோள்கள் எட்டு இலட்சத்துக்கும் மேல். பெயர் பெற்றவையோ ஏறத்தாழ 25 ஆயிரம்தான். அதாவது நூறில் மூன்று என்ற அளவில்.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்லிவிடுவோம். பணம் கட்டினால் ஒரு விண்மீனுக்கு உங்கள் பெயரையோ உங்கள் குழந்தையின் பெயரையோ வைக்கிறோம் என்று சான்றிதழ் விற்கும் நிறுவனங்கள் உண்டு. அத்தகைய பெயர்களுக்கு வானியல் உலகில் எந்த மதிப்பும் இல்லை. பன்னாட்டு வானியல் ஒன்றியம் பெயர்களை விற்பதில்லை. அன்புக்குரியவர் நினைவாக ஏதாவது செய்ய விரும்பினால், அந்தப் பணத்தில் ஓர் ஏழை மாணவருக்குக் கல்விக் கட்டணம் செலுத்துவது நிச்சயமாக அதிகப் பயன் தரும்.

ஏன் ராட்சிங்கர்?

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். 1927ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பவேரியாவின் மார்க்டல் என்ற சிற்றூரில் பிறந்தவர் யோசேப் ராட்சிங்கர். இறையியல் பேராசிரியர். 1977ஆம் ஆண்டில் மியூனிக் உயர்மறைமாவட்டத்தின் பேராயர். 1981ஆம் ஆண்டு முதல் 2005ஆம் ஆண்டு வரை திருப்பீடத்தின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்துக்குத் தலைவர். அவர் எழுதிய நூல்களுக்காகவோ அவர் வகித்த பதவிகளுக்காகவோ இந்தப் பெயர் தரப்பட்டிருக்கலாம். ஆனால் விளக்கக் குறிப்பு அவரைப் பற்றிக் குறிப்பாகச் சொல்வது வேறொன்று. கலிலேயோவுக்கும் மற்ற அறிஞர்களுக்கும் எதிராக நிகழ்ந்த நீதித் தவறுகளை ஆய்வாளர்கள் ஆராயும் வண்ணம், 1998ஆம் ஆண்டில் வத்திக்கான் ஆவணக் காப்பகம் திறக்கப்படுவதை அவர் மேற்பார்வையிட்டார் என்பதே அது.

இதன் பொருளை உணர, சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் முன்னோடி, 1542ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் பவுல் நிறுவிய விசாரணை மன்றம். பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் நூல், திருத்தப்படும் வரை படிக்கக் கூடாது என்று 1616ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. 1633ஆம் ஆண்டு சூன் 22ஆம் நாள், கிட்டத்தட்ட எழுபது வயதான கலிலேயோ இந்த மன்றத்தின் முன் மண்டியிட்டுத் தம் கருத்தைக் கைவிடுவதாக அறிக்கையிட வேண்டியதாயிற்று. 1642ஆம் ஆண்டில் இறக்கும் வரை அவர் வீட்டுக் காவலில் இருந்தார். அவர் இறுதிவரை ஒரு கத்தோலிக்கராகவே வாழ்ந்தார் என்பது இந்த வேதனையை இன்னும் கூட்டுகிறது.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1979ஆம் ஆண்டில் இந்த வழக்கை மீண்டும் ஆராய வேண்டும் என்றார். 1981ஆம் ஆண்டில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், அக்கால இறையியலாளர்கள் தவறு செய்தனர் என்பதைத் திருத்தந்தை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

ஆயினும் விசாரணை மன்றத்தின் சொந்த ஆவணக் காப்பகம் பொதுவாக மூடியே இருந்தது. 1998ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள் உரோமையில் லிஞ்சேய் அறிவியல் கழகத்தில் நடந்த கூட்டத்தில், அது ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படுகிறது என்று கர்தினால் ராட்சிங்கர் அறிவித்தார். 1903ஆம் ஆண்டு வரையிலான ஆவணங்களை அறிஞர்கள் பார்க்க வழி பிறந்தது. ஒரு காலத்தில் கலிலேயோ உறுப்பினராக இருந்த கழகம் அது என்பது கவனிக்கத்தக்கது. இந்தத் திறப்புக்கு ஒரு தூண்டுதலாகக் கர்தினால் அன்று குறிப்பிட்டதும் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், கார்லோ கின்ஸ்பர்க் என்ற யூத வரலாற்று அறிஞர், காப்பகத்தைத் திறக்க வேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலுக்குக் கடிதம் எழுதியிருந்தார். நம் விசுவாசத்தைச் சேராத ஒருவரின் வேண்டுகோளைத் திருஅவை நினைவில் வைத்திருந்தது.

இங்கே நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். கலிலேயோ வழக்கின் முதன்மைக் கோப்பு வத்திக்கானின் மற்றொரு காப்பகத்தில் இருந்தது. அதன் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டிலேயே அச்சில் வந்துவிட்டது. நெப்போலியன் காலத்தில் பாரிசுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஆவணங்களில் பலவும் தொலைந்துபோயின. எனவே 1998ஆம் ஆண்டில் கதவு திறந்ததும் எல்லா உண்மைகளும் புதிதாக வெளிவந்துவிட்டன என்று சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பு எழுதிய இல்லமே தன் அலமாரியின் சாவியை மற்றவர் கையில் கொடுத்தது. அதைத்தான் அந்த வானியலார்கள் மதித்தார்கள்.

எல்லாரும் பாராட்டவில்லை

இந்த மனிதரைக் கலிலேயோ விடயத்தில் எல்லா அறிவியலாரும் ஒரே விதமாகப் பார்க்கவும் இல்லை. 1990ஆம் ஆண்டில் பார்மா நகரில் ஆற்றிய உரையில், கலிலேயோ மீதான தீர்ப்பை நியாயப்படுத்திய பால் ஃபையராபெண்ட் என்ற மெய்யியலாரின் கூற்றை அவர் எடுத்துக்காட்டியிருந்தார். அத்தகைய கூற்றுகளை வைத்துத் திருஅவைக்கு வக்காலத்து வாங்குவது பொருந்தாது என்றும் அதே உரையில் சொல்லியிருந்தார். ஆயினும் 2008ஆம் ஆண்டு சனவரியில், திருத்தந்தையாக உரோமையின் லா சப்பியென்சா பல்கலைக்கழகத்துக்கு அவர் செல்லவிருந்தபோது, பேராசிரியர்கள் சிலர் அந்த உரையைச் சுட்டிக்காட்டி எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்த வருகை கைவிடப்பட்டது.

அறிவியலார் சிலர் அவருக்கு வானத்தில் ஓர் இடம் தந்தார்கள். அறிவியலார் வேறு சிலர் தங்கள் பல்கலைக்கழகத்துக்கு அவர் வருவதை விரும்பவில்லை. ஒரே மனிதரைப் பற்றி, ஒரே கேள்வியில், இரண்டு விதமான மதிப்பீடுகள். பழைய காயம் ஆறினாலும் தழும்பு இருக்கத்தான் செய்யும். அதைத் தொட்டால் வலிக்கிறது என்று சொல்பவர்களைக் குறை கூறாமல் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

ஒரே பட்டையில் பலர்

முதன்மைப் பட்டையில் ராட்சிங்கர் தனியாக இல்லை. 697ஆவது குறுங்கோளின் பெயர் கலிலேயா. வியாழனின் நிலாக்களைக் கலிலேயோ கண்ட முந்நூறாவது ஆண்டின் நினைவாக, 1910ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட அதற்கு அப்பெயர் வந்தது. 1322ஆவது குறுங்கோள் கோப்பர்நிக்கஸின் பெயரைத் தாங்குகிறது. 4390 என்ற எண்ணுக்கு உரியது நம் அன்னை தெரேசாவின் பெயர்.

இயேசு சபையினர் முப்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களும் குறுங்கோள்களுக்கு உண்டு. அவர்களில் ஒருவர், வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றிய அருட்சகோதரர் கய் கொன்சோல்மாஞ்ஞோ. அவர் பெயரில் உள்ளது 4597. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேலும் நான்கு பெயர்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் மூன்று இயேசு சபையினருடையவை. நான்காவது, ஊகோ போன்கொம்பாஞ்ஞி. இது திருத்தந்தை 13ஆம் கிரகோரியின் இயற்பெயர். 1582ஆம் ஆண்டில் நாள்காட்டியைத் திருத்தி, இன்று உலகமே பின்பற்றும் நாள்காட்டியை நமக்குத் தந்தவர் அவர்.

ஒரு காலத்தில் நீதிமன்றத்தின் இருபுறமும் எதிரெதிராக நின்றவர்களின் பெயர்கள் இன்று ஒரே கதிரவனைச் சுற்றி வருகின்றன. கலிலேயோ சொன்னபடியே சுற்றி வருகின்றன என்பதையும் மறக்க வேண்டாம்.

நமக்கு இது சொல்வது என்ன?

முதலாவது, பெயர் என்பது ஒரு கொடை. கண்டுபிடித்தவர்கூடத் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்வதில்லை. பிறர் தர வேண்டும். திருமுழுக்கில் நம் பெயரும் அப்படித்தான் வந்தது. நாம் கேட்டுப் பெறவில்லை, விலை கொடுத்து வாங்கவும் இல்லை. விண்மீன்களின் எண்ணிக்கையை அறிந்து, அவை அனைத்துக்கும் பெயர் தருபவர் என்று 147ஆம் திருப்பாடல் இறைவனைப் புகழ்கிறது. மனிதர் இன்னும் நூறில் மூன்றுக்குத்தான் பெயர் வைத்திருக்கிறோம். பெயரில்லாத மீதியும் அவருக்குத் தெரியும். நம் தெருவில் நாம் பெயர் கேட்காமலே கடந்துபோகும் மனிதர்களையும் அவருக்குத் தெரியும்.

இரண்டாவது, புதிய பெயர். 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் யோசேப் ராட்சிங்கர் பெனடிக்ட் என்ற பெயரை ஏற்றார். விண்ணில் உள்ள கல்லோ பழைய பெயருடனேயே சுற்றுகிறது. பதவி வருமுன் அவர் செய்த ஒரு நற்செயலுக்கு அது சாட்சி. பதவி 2013ஆம் ஆண்டில் அவரே துறந்த ஒன்று. செயல் நிற்கிறது. வெற்றி பெறுபவருக்கு வெண்கல் ஒன்று தரப்படும் என்றும், அதில் பெறுபவர் மட்டுமே அறியும் புதிய பெயர் இருக்கும் என்றும் திருவெளிப்பாடு நூல் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உலகம் அறியும் கல்லைவிட, இறைவன் மட்டும் அறிந்த அந்தக் கல்லே நாம் நாட வேண்டியது.

மூன்றாவது, இதுவே நம்மை அதிகம் தொடுவது. ஒரு கதவைத் திறந்ததற்காக அவருக்கு இந்தப் பெருமை வந்தது. எதையும் கட்டியதற்காக அல்ல. எவரையும் வாதத்தில் வென்றதற்காகவும் அல்ல. உள்ளே இருப்பது நமக்குப் பெருமை தராது என்று தெரிந்தே கதவைத் திறப்பது எளிதன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் தனித்தனியாகச் செய்ய முயல்வதும் இதுதான். குடும்பமாக, அன்பியமாக, பங்காக இதை நாம் செய்கிறோமா? நம் பங்கின் பழைய பதிவேடுகளில் நாம் புரட்ட விரும்பாத பக்கங்கள் உண்டா? யாரையாவது ஒதுக்கிவைத்தோமா? யாருடைய முறையீட்டையாவது கேட்காமலே மூடிவைத்தோமா? முன்னூறு ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து திறக்கட்டும் என்று விட்டுவிடுவதா, இன்றே நாம் திறப்பதா?

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, திருஅவை அறிவியலுக்கு எதிரியா என்று கேட்டால், நாம் அவசரமாக இல்லை என்று சொல்லி அமர வைத்துவிட வேண்டாம். கலிலேயோவுக்கு நடந்ததை மறைக்காமல் சொல்வோம். சீரிஸைக் கண்ட அருட்தந்தை பியாத்சியைப் பற்றிச் சொல்வோம். சென்னையிலிருந்து கண்ட ஆசியாவைப் பற்றிச் சொல்வோம். பிறகு 8661 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதி, இந்தக் கல்லின் கதையையும் சொல்வோம். உண்மையைக் கேட்டு வளரும் பிள்ளையின் விசுவாசம் எளிதில் ஆட்டம் காணாது.

ஷ்மாடெல் 2016ஆம் ஆண்டிலும் பியோர்ன்கன் 2021ஆம் ஆண்டிலும் மறைந்தார்கள். அடுத்த ஆண்டின் கடைசி நாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்டும் இறைவனிடம் சென்றார். பெயர் தந்தவர்களும் இல்லை, பெற்றவரும் இல்லை. கல் தன் பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் படைத்தவர், இவர்கள் மூவரையும் நம் அனைவரையும் பெயர் சொல்லி அறிந்தவர். அவர் முன் எதையும் மூடிவைக்காத உள்ளத்தை நமக்குத் தந்தருள வேண்டுவோம்.